கமுதிக்குக் கேட்ட லீவு

கமுதிக்குப் போக லீவு கேட்ட கார்மேகத்தைக் கம்பெனி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பி வைத்தது. அந்தக் கடல், ஷார்ஜாவிலிருந்து ராஸ் அல் கைமா போகிற வழியில், பெட்ரோல் பங்கைத் தாண்டி இடதுகைப் பக்கம் இருக்கிறது.

உலகப்படம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அங்கே இருப்பது வளைகுடாக் கடல்தான். ஆனால் கம்பெனி அதில் கொஞ்சத்தைத் தூர்த்து, நாற்பது வில்லாக்கள் கட்டி, சுவருக்கெல்லாம் வெள்ளையும் கதவுக்கெல்லாம் நீலமும் அடித்து, வாசலில் ‘மத்தியதரைக் கடலோர வாழ்க்கை’ என்று போர்டு வைத்துவிட்டது. போர்டு வைத்த பிறகு கடல் என்ன செய்யும்? பேசாமல் இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் மட்டும் அதை வெள்ளைச் சைட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கார்மேகம் அந்தச் சைட்டில் பூச்சுவேலைக் கொத்தனார். எட்டு மாதமாக அவருக்கு ஒரே வேலை, புதுச் சுவரைப் பழைய சுவராக்குவது. சாந்தில் செம்மண்ணைக் கலந்து, மேலே தேயிலைத் தண்ணீரைத் தெளித்து, கரண்டி முனையால் கீறி, இரண்டொரு இடத்தில் காரை பெயர்ந்த மாதிரி விட்டு வைப்பார். காலையில் பிறந்த சுவர் சாயங்காலத்துக்குள் முந்நூறு வயதுக் கிழமாகிவிடும். ஊரில் சுவர் கீறிக்கொண்டால் கொத்தனாரைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். இங்கே கீறல் போதவில்லை என்று இன்ஜினியர் திட்டினார். வேடிக்கையாக இருக்கிறதே என்று கார்மேகம் அந்தக் கீறல்களை வீடியோ எடுத்துத் தங்கை நாகஜோதிக்கு அனுப்புவார்.

லீவு கேட்டதும் அந்தத் தங்கைக்காகத்தான். நாகஜோதியின் மகள் தர்னிகாவுக்கு நாலரை வயது. அவர்கள் பக்கத்து வழக்கப்படி பிள்ளைக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் நடக்க வேண்டும். நாகஜோதிக்குக் கூடப் பிறந்தவர் கார்மேகம் ஒருவர்தான். இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் சைட்டில் வேலை நெருக்கடி என்று கம்பெனி லீவை மறுத்தது. பிள்ளையின் தலைமயிர் பிறந்ததிலிருந்து கத்தி படாமல் இடுப்புக்கு வந்துவிட்டது. தெருப்பிள்ளைகள் அவளை ‘மூளிக்காதி’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

“வைகாசி இருவத்திரெண்டு, வெள்ளிக்கெழம. நாள் குறிச்சாச்சுண்ணே,” என்று நாகஜோதி போனில் சொன்னாள். “மறு திங்கக்கெழம இவளுக்குப் பள்ளிக்கொடம். இந்தத் தடவையும் நீ வரலேன்னா இவுக வீட்டாளுக வேற யாரு மடியிலயாச்சும் வச்சுக் குத்திருவாக. நான் சும்மா இருக்க மாட்டேன். அப்பறம் ரெண்டு வீட்டுக்கும் ஆகாமப் போயிரும், பாத்துக்க.”

கார்மேகம் முப்பது நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடம் முடிந்தவருக்கு அது உரிமை. எழுதிய தாள் மேலே போனது. மேலே போனதுதான் வினை, அங்கே மகிழ்ச்சித் துறை இருந்தது.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கெட்ட நேரம் வரும். இந்தக் கம்பெனிக்கு அது தனி ஆபீஸ், ஏசி, பன்னிரண்டு ஊழியர்களோடு வந்திருந்தது. தொழிலாளி மகிழ்ச்சியாக இருக்கிறானா என்று அளப்பதுதான் அந்தத் துறையின் வேலை. தொழிலாளிகள் தங்கும் கேம்ப்பில், மெஸ் வாசலில் மூன்று முகம் கொண்ட மெஷின் ஒன்றை மாட்டினார்கள். பச்சை முகம் சிரிக்கும், மஞ்சள் முகம் சும்மா இருக்கும், சிவப்பு முகம் உதட்டைப் பிதுக்கும். சாப்பிட்டுவிட்டு வருகிறவர் ஏதாவது ஒன்றை அமுக்க வேண்டும். முதல் வாரத்திலேயே சிவப்பு முகம் அமுங்கி அமுங்கி உள்ளே போய்விட்டது. ரிப்பேருக்கு யாரும் வரவில்லை. துறையிலிருந்து ஒருவர் வந்து, அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு பச்சை முகத்தை ஒட்டிவிட்டுப் போனார். அந்த மாதக் கணக்கில் மகிழ்ச்சி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

மே மாதக் கடைசியில் கார்மேகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. கீழே பச்சை முத்திரை. கேம்ப்பில் பச்சை முத்திரை என்றால் லீவு பாஸ் என்று பொருள், வேறு எதற்கும் அதைக் குத்தி யாரும் பார்த்ததில்லை. கேம்ப்புக்குள் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் கௌஸ் முகம்மது, கல்லாவில் கூட்டத்தை வைத்துக்கொண்டே முதல் வரியைப் படித்தார்.

“உங்க விண்ணப்பத்தப் பரிசீலிச்சு ஓய்வு அளிச்சிருக்காங்களாம். ஒண்ணாந்தேதி காலைல நாலு மணிக்கு பஸ் வருமாம். கலாஸ், முடிஞ்சுபோச்சு, நீங்க ஊருக்குப் போயிட்டீங்க தம்பி. என் கடைக்கு ஒரு டீக்காசு கொறைஞ்சுச்சு.”

கடிதத்துக்கு இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. நல்ல செய்தியின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் நமக்குக் கிடையாது.

அன்று சாயங்காலமே கார்மேகம் பெட்டி கட்டினார். வளைகுடாவில் பெட்டி கட்டுவது ஒருவர் வேலை இல்லை. ரூமில் இருந்த எட்டுப் பேரும் பக்கத்து ரூம் ஆட்களும் அவரவர் வீட்டுக்குப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். பால்மாவு டின், கோடாலித் தைலம், பேரீச்சம்பழம், யாரோ ஒருவரின் அம்மாவுக்கு முட்டிவலி எண்ணெய், யாரோ ஒருவரின் மகனுக்கு லைட் எரியும் ஷூ. அட்டைப்பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு இறுக்கி, மேலே கறுப்பு மையில் ‘கார்மேகம், மதுரை’ என்று எழுதினார்கள். மருமகளுக்கு வாங்கிய கம்மலை மட்டும் அவர் பெட்டியில் வைக்கவில்லை. சட்டை உள்பையில் போட்டு ஊக்குக் குத்திக்கொண்டார். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் ஏர்போர்ட் வாசலில் ஆபீஸ் ஆள் கையில் கொடுப்பான், அதுதான் வழக்கம்.

திங்கட்கிழமை விடிகாலை பஸ் வந்தது. அது ஏர்போர்ட் ரோட்டில் திரும்பாமல் நேரே போனபோது, வேறு கேம்ப் ஆட்களையும் ஏற்றப் போகிறார்கள் என்று கார்மேகம் நினைத்துக்கொண்டார். வெளிச்சம் வந்தபோது எதிரே தான் பூசிய சுவர் நின்றது.

சுவருக்கு முன்னால் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக ஒருவர் நின்றார். மகிழ்ச்சித் துறை மேலாளர் விஜயபாஸ்கர், சென்னைக்காரர், சந்தோஷத்தில் மேல்படிப்பு படித்தவர்.

“வெல்கம் டு தி மெடிட்டரேனியன், மிஸ்டர் கார்மேகம்!”

“சார், ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சு.”

“ஏர்போர்ட் எதுக்கு? ஹாலிடே ஸ்பாட்டுக்கே வந்துட்டீங்களே.”

“பாஸ்போர்ட்டு யாருகிட்ட சார் இருக்கு?”

“இதோ,” என்று விஜயபாஸ்கர் ஒரு நீலப் புத்தகத்தை நீட்டினார். ‘மகிழ்ச்சிப் பாஸ்போர்ட்’ என்று போட்டிருந்தது. உள்ளே பத்துக் கட்டங்கள், பத்தும் காலி.

பிறகு அவர் விளக்கினார். கார்மேகம் பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே கேட்டார்.

“ஒரு எம்ப்ளாயீ லீவ் கேக்கறார்னா என்ன அர்த்தம்? அவருக்கு ரெஸ்ட் தேவைப்படுது. அந்த ரெஸ்ட்டைத் தேடி அவர் எதுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் போகணும்? ரெஸ்ட்டையே நாம அவர்கிட்ட கொண்டு வந்துட்டா? இது என் ஐடியாதான். டைரக்டர் கைதட்டினார். டிக்கெட் செலவு மிச்சம், ஆனா அதுக்காகப் பண்ணலை. வில்லாவுல குழாய், கக்கூஸ் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு யாராவது தங்கிப் பாக்கவும் வேணும், அதுக்காகவும் இல்லை. வியாழக்கிழமை உலக மகிழ்ச்சி விருதுக் குழு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருது. அதுக்காகன்னு வெளியில பேசறாங்க. பொய். எல்லாம் உங்களுக்காக.”

“எனக்கு ரெஸ்ட்டு வேணாம் சார். வெள்ளிக்கெழம என் மருமகளுக்குக் காதுகுத்து. எம்மடியில வச்சுக் குத்தணும்.”

விஜயபாஸ்கர் கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தார். “சிஸ்டம்ல நீங்க இப்ப ஹாலிடேல இருக்கீங்க. ஹாலிடேல இருக்கறவர் லீவ் போட முடியாது, பாருங்க, பட்டனே வரமாட்டேங்குது. இங்க பத்துச் சுற்றுலா இருக்கு. ஒவ்வொண்ணுலயும் நீங்க சந்தோஷப்பட்டா ஒரு ஸ்டாம்ப். பத்தும் விழுந்தா ஹாலிடே ஃபைல் க்ளோஸ். அப்புறம் உங்க லீவ் அப்ளிகேஷன் தானா ஓபன் ஆகும்.”

கார்மேகம் விரலை மடக்கி எண்ணினார். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பத்து முறை சந்தோஷப்பட்டுவிட்டால், அன்று ராத்திரி விமானத்தைப் பிடித்து வெள்ளி காலை மதுரையில் இறங்கலாம். அங்கிருந்து கமுதி இரண்டரை மணி நேரம். உச்சிப்பொழுதுக்குள் கோயிலுக்குப் போய்விடலாம்.

“சரி சார், சீக்கிரம் ஆரம்பிங்க,” என்றார்.

முதல் சுற்றுலா, பண்டைய நகரத்தின் இடிபாடுகள். அது வில்லா வாசலிலிருந்து இருநூறு அடி. ஆனால் சுற்றுலா என்றால் பயணம் இருக்க வேண்டும் என்று விதி சொன்னதால், பேட்டரி வண்டியில் உட்கார வைத்து வில்லாவை ஏழு முறை சுற்றினார்கள். ஏழாவது சுற்றில் கார்மேகத்துக்குத் தலை சுற்றியது. அதை வியப்பு என்று விஜயபாஸ்கர் குறித்துக்கொண்டார்.

இடிபாடு என்பது பாதி விழுந்த ஒரு வளைவு. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுப் பழமை என்று பலகை சொன்னது.

“என்ன தோணுது?” என்றார் விஜயபாஸ்கர்.

“இது பிப்ரவரில நான் பூசுனது சார். இங்க பாருங்க, சாரம் ஆடுனப்ப வழுக்கி, ஈரச்சாந்துல கைய ஊண்டிட்டேன். பழசு மாதிரி இருக்கு, அப்படியே இருக்கட்டும்னு இன்ஜினியரு விடச் சொல்லிட்டாரு.”

வளைவின் தூணில், மார்பு உயரத்தில், ஒரு முழு உள்ளங்கை பதிந்திருந்தது. சின்ன வயதில் முறிந்து கோணலாகக் கூடிய சுண்டுவிரல்கூட அச்சாக விழுந்திருந்தது. கார்மேகம் தன் கையை அதில் வைத்துக் காட்டினார். உறைக்குள் கத்தி போல உட்கார்ந்தது.

விஜயபாஸ்கர் முகம் மாறிவிட்டது. “இதை வெளியில சொல்லாதீங்க. ரூல் இருக்கு. கட்டினவர் அதே இடத்துக்கு விருந்தாளியா வர முடியாது. அப்படி வந்தா ஹாலிடே செல்லாது. ஹாலிடே செல்லலைன்னா நான் செல்லமாட்டேன். ஸ்டாம்ப் வேணுமா, வேணாமா?”

“வேணும் சார்.”

“அப்ப இதுல கையெழுத்துப் போடுங்க.”

‘நான் இந்த இடத்தை என் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கிறேன்’ என்று தாள் சொன்னது. காரியம் ஆக வேண்டுமே என்று கார்மேகம் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. இன்னும் ஒன்பது.

இரண்டாவது, மீனவ கிராமம். கான்கிரீட்டில் நட்டு போட்டு முடுக்கிய ஒரு படகு, அதற்கு முன்னால் கோடுபோட்ட பனியனோடு ஒரு மீனவர். கார்மேகம் கிட்டே போய்ப் பார்த்தார். சாயல்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன் மாயாண்டி. சைட்டில் சாரம் கட்டுகிறவன், கேம்ப்பில் பக்கத்து ரூம்.

“ஏய் மாயாண்டி, நீயா?”

“பேசாம நில்லுண்ணே, கேமரா இருக்கு,” என்று மாயாண்டி வாயசைக்காமல் சொன்னான். “ஊருல தலமொற தலமொறயாக் கடலுக்குப் போன குடும்பம். மீன் படலன்னுதான் இங்க சாரம் கட்ட வந்தேன். வந்த எடத்துல மீனவனா உக்காருங்கறாய்ங்க. வலையப் பிடிச்சேன், அது எங்கூருப் பிடி, தப்புன்னு ஒருத்தன் வந்து சொல்லிக் குடுத்தான். ஐஸ் மீன் லாரில வருது. பத்து மணிக்கு ஒருக்கா, நாலு மணிக்கு ஒருக்கா அத வலையில போட்டு இழுக்கணும். போன வாரம் நெசமாவே ஒரு மீன் வந்து சிக்குச்சுண்ணே. அத எடுத்துக் கடல்லயே விடச் சொல்லிட்டாய்ங்க.”

“ஏன்?”

“லிஸ்ட்ல இல்லாத மீனாம்.”

கார்மேகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நான்கு நாளில் அவர் உண்மையாகச் சிரித்தது அப்போது ஒருமுறைதான். விஜயபாஸ்கர் பாய்ந்து வந்து முத்திரை குத்தினார். போகும்போது மாயாண்டி மெதுவாகக் கேட்டான், “எங்கம்மாவுக்குக் குடுத்துவிட்ட முட்டிவலி எண்ணெ பெட்டியிலதான இருக்கு?”

“இருக்கு,” என்றார் கார்மேகம். வேறென்ன சொல்வது?

மூன்றாவதாக ஒலிவத் தோப்பு. கப்பலில் வந்த இருபது மரங்களில் மூன்று உயிரோடு இருந்தன. மற்றவற்றுக்கு இலை வெளியிலிருந்து கட்டப்பட்டிருந்தது. நான்காவது, திராட்சைச் சாறு ருசித்தல். ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, ‘இதில் மண்ணின் மணம் இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். கார்மேகம் குடிக்கும் முன்பே சொல்லிவிட்டார். எலுமிச்சைத் தெரு, மணிக்கூண்டு, சூரியன் மறையும் முனை என்று அவர் ஓடி ஓடிச் சந்தோஷப்பட்டார். சூரியன் மறைகிற வரை காத்திருக்க நேரமில்லை என்று காலை பதினோரு மணிக்கே அதைப் பார்த்து வியந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் விஜயபாஸ்கர் ஒரு பூசாரி.

எட்டாவதில் வண்டி நின்றது. அது மதியத் தூக்கம். அந்தக் கடற்கரையில் எல்லோரும் மதியம் தூங்குவார்களாம், ஆகையால் விருந்தாளி தூங்கியே தீர வேண்டும். நிஜமாகத் தூங்குகிறாரா என்று பார்க்க மணிக்கட்டில் ஒரு வாட்ச் கட்டினார்கள். முழங்கால் புதைகிற மெத்தை. கார்மேகம் படுத்தார், புரண்டார், கடைசியில் தரையில் இறங்கித் தன் அட்டைப்பெட்டியில் தலை வைத்துப் படுத்தார். கண்ணை மூடினால் வெள்ளிக்கிழமை வந்து நின்றது. வாட்ச் கீச்கீச்சென்று கத்தியது.

அதே நேரத்தில் நாகஜோதி போன் செய்தாள். “அண்ணே, திங்கக்கெழமயே வந்துருவேன்னியே, பிளேன் எத்தன மணிக்கு?” என்ற குரல் கேட்டதும் வாட்ச் இன்னும் பலமாகக் கத்தியது.

விஜயபாஸ்கர் வந்து வரைபடத்தைக் காட்டினார். “பாருங்க, ஊர்லேந்து போன் வரும்போதெல்லாம் உங்க மகிழ்ச்சி விழுது. குடும்பம்தான் உங்க பிரச்சினை. வியாழக்கிழமை வரைக்கும் போன் எங்ககிட்ட இருக்கட்டும்.”

“சார், தங்கச்சி பதறிப்போகும் சார்.”

“கவலைப்படாதீங்க. குடும்பத்துக்கும் நாங்க மகிழ்ச்சி அனுப்பறோம்.”

போனை வாங்கிக்கொண்டு போனார்கள். புதன்கிழமை, இரண்டு மாத்திரையின் உதவியால், கார்மேகம் விதிப்படி தூங்கினார். எழுந்ததும் ஒன்பதாவதையும் முடித்தார். அது பால்கனிப் படம். லினன் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் திராட்சைச் சாறு, பின்னால் கீறல் விழுந்த வெள்ளைச் சுவர். எழுபது முறை சிரிக்கச் சொன்னார்கள். அந்தப் படத்தைத் துறை அன்றைக்கே நாகஜோதிக்கு அனுப்பிவிட்டது. ‘உங்கள் அண்ணன் மத்தியதரைக் கடலில் மகிழ்ச்சியாக இருக்கிறார்’ என்று கீழே தமிழிலேயே போட்டிருந்தது.

வியாழக்கிழமை மதியம் விருதுக் குழு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேர். தலைவி வெள்ளைத் தலைமுடி அம்மாள், கண்ணில் கருணை இருந்தது. அவரோடு பேசுவதுதான் பத்தாவது கட்டம்.

“இவர் மனதில் இப்போது என்ன ஆசை இருக்கிறது என்று கேளுங்கள்,” என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் சொன்னார். விஜயபாஸ்கர் தமிழில் கேட்டார்.

கார்மேகத்துக்கு அந்த அம்மாளைப் பார்த்ததும் தைரியம் வந்தது. “எனக்கு ஊருக்குப் போகணும் தாயி. நாளைக்குக் காதுகுத்து. இப்பவே விட்டாக்கூடப் போயிருவேன்.” சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

விஜயபாஸ்கர் அந்த அம்மாளிடம் திரும்பி, இங்கிலீஷில் சொன்னார்: “சொந்த ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருக்கிறதாம். அதனால்தான் கண்ணீர்.”

அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்தாவது முத்திரை விழுந்தது.

கார்மேகம் நீலப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு விஜயபாஸ்கர் பின்னாலேயே ஓடினார். “சார், பத்தும் ஆயிருச்சு. லீவ ஓபன் பண்ணுங்க.” மணி மூன்று. ராத்திரி விமானத்துக்கு நேரம் தாராளமாக இருந்தது.

விஜயபாஸ்கர் டேப்லெட்டைத் தட்டினார். “ஹாலிடே ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சு. அப்ளிகேஷன் ஓபன் ஆயிடுச்சு.” கார்மேகம் கும்பிட்டார். விஜயபாஸ்கர் இன்னொரு முறை தட்டினார். “கடைசியாக விடுமுறை எடுத்த தேதி, இன்னிக்கு. அடுத்த விடுமுறைக்குத் தகுதி... ரெண்டு வருஷம் கழிச்சு. சிஸ்டம் கரெக்டாத்தான் சொல்லுது. வெகேஷன் போயிட்டு வந்த அன்னிக்கே மறுபடி வெகேஷன் கேட்டா எப்படி மிஸ்டர் கார்மேகம்? நியாயமா பேசுங்க.”

கார்மேகத்துக்குக் கோபம் வந்தது. ஐம்பது டிகிரி வெயிலிலும் வராத கோபம். “கட்டுனவன் விருந்தாளியா வந்தா செல்லாதுன்னு நீங்கதான சார் சொன்னீக? இதக் கட்டுனது நான். இந்த லீவு செல்லாது. எனக்கு என் லீவத் தாங்க!” என்று கத்திக்கொண்டே இடிபாட்டுக்கு ஓடினார். விருதுக் குழு அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் கண்ணெதிரே தூணில் தன் கையை வைத்து அழுத்தினார். கோணல் சுண்டுவிரல் கோணல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. “எங்கை! இது எங்கை!”

அம்மாள் விஜயபாஸ்கரைப் பார்த்தார். எட்டு நொடி அந்தத் துறையின் உயிர் ஊசலாடியது. பிறகு விஜயபாஸ்கர் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ‘நான் இந்த இடத்தை என் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கிறேன்.’ கீழே கார்மேகத்தின் கையெழுத்து, திங்கட்கிழமைத் தேதி.

“இவர் முதல்முறையாக வந்தவர். ஆகவே இது இவர் கையாக இருக்க முடியாது,” என்றார் விஜயபாஸ்கர். “பண்டைய காலத்துக் கொத்தனாரின் கை. அதைத் தொட்டதும் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்.”

அம்மாள் அந்தப் பள்ளத்தைக் குனிந்து பார்த்தார். கார்மேகத்தின் கையையும் பார்த்தார். “எவ்வளவு பொருத்தம்! உழைப்பாளிகளின் கைகள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன,” என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். விருது கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கார்மேகத்தைக் கேம்ப்பில் கொண்டுவந்து விட்டார்கள். போன் கைக்கு வந்ததும் மணி அடித்தது. நாகஜோதியின் பின்னால் கோயில் மணிச் சத்தமோ மேளமோ இல்லை.

“அண்ணே,” என்றாள். அழுது முடித்த குரல். “நீ வரலன்னதும் இவுக பெரியப்பா சொன்னாரு, அந்தப் போட்டோவப் பெருசாப் பிரிண்டு போட்டு, அத ஒருத்தரு மடியில வச்சுப் புள்ளய உக்கார வச்சிரலாம்னு. ஃபிரேமும் போட்டு, மாலையும் வாங்கிட்டு வந்துட்டாக. உசுரோட இருக்குற எங்கண்ணன் போட்டோவுக்கு எவன் மாலை போடுறதுன்னு கோயில்லயே கத்திட்டேன். சாமான எல்லாம் போட்டது போட்டபடி புள்ளயத் தூக்கிட்டு வந்துட்டேன். இனி அந்த வீட்டு மொகத்துல எப்பிடி முழிக்கிறதுன்னு தெரியல.”

“நான் எந்த வெளிநாட்டுக் கடலுக்கும் போகல தாயி. இங்ஙனதான் கெடந்தேன்.” கார்மேகம் பங்க் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

“எனக்குத் தெரியாதா? அவுக எல்லாம் நீ இத்தாலில உல்லாசமா இருக்கன்னாக. பின்னால செவத்துல இருந்த கீறலப் பாத்தேன். நீ வீடியோவுல காட்டுன அதே கீறலு. நீ பூசுனதுன்னு பாத்தாலே தெரியுதேண்ணே.”

திங்கட்கிழமை தர்னிகா இடுப்பு வரை தொங்கும் முடியோடும் மூளிக்காதோடும் பள்ளிக்கூடம் போனாள். பெட்டி ரூமுக்கே திரும்பி வந்தது. கயிற்றை அவிழ்த்து அவரவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்கள். மாயாண்டி முட்டிவலி எண்ணெயை வாங்கித் தன் முட்டியிலேயே தேய்த்துக்கொண்டான். கம்மல் உள்பையிலேயே இருந்தது. கார்மேகம் மெஸ் வாசல் மெஷினில் ஒட்டியிருந்த பச்சை முக ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டுச் சிவப்பு இருந்த பள்ளத்தில் விரலை விட்டுக் குத்தினார். மறுநாள் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து இன்ஜினியர் அவரைக் கூப்பிட்டு ஒரு பித்தளைத் தகட்டைக் கையில் கொடுத்தார். இடிபாட்டில் அந்தக் கைக்குக் கண்ணாடி போட்டு, கீழே தகட்டைப் பதிக்க வேண்டும். பதினோராவது சுற்றுலாவாம், அம்மாள் எடுத்த படத்தைப் பார்த்து இப்போதே ஆட்கள் கேட்கிறார்களாம். கார்மேகம் தகட்டைப் பதித்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, ஓரத்துச் சாந்தை வழித்தார். கண்ணாடி மாட்டுவதற்கு முன் ஒரு தடவை கையை அதில் வைக்கப் போனார்.

“பாய், மாஃபி டச்! தொடாதே! பழசு, பழசு,” என்று காவலாளி ஓடி வந்தான்.

கார்மேகம் கையை எடுத்துக்கொண்டார். தகட்டில் இங்கிலீஷில் மூன்று வரி இருந்தது. படம் எடுத்துக் கௌஸ் முகம்மதுக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இந்த முறை கடையில் கூட்டம் இல்லை போலிருக்கிறது. அவர் கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்து, குரல் பதிவாக அனுப்பியிருந்தார்.

“‘ஆயிரத்தெண்ணூறு வருசத்துக்கு முன்னாடி இந்த நகரத்தக் கட்டுன ஒரு தொழிலாளியோட கை. பேரு தெரியல. வேலை முடிஞ்சதும் அவன் தன் ஊருக்குத் திரும்பிப் போயிருப்பான்னு நம்பப்படுது.’ இவ்வளவுதான் தம்பி இருக்கு.”

கார்மேகம் அதை ஒரு தடவை கேட்டார். பிறகு கண்ணாடியைத் தூக்கி வைத்து, நான்கு மூலையிலும் ஸ்குரூ முடுக்கினார்.